மலையில் பிடுங்கிய செடி வேண்டாம்

ரப்பர் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் செம்பருத்தி வளர்த்த குடும்பங்கள், ஈப்போ தாமான்களுக்கு வந்தபின் ஆர்க்கிட் வளர்க்கின்றன. ஆசை முற்றியவர்கள் தேடுவது சிலிப்பர் ஆர்க்கிட். பூவின் உதடு செருப்பின் முன்பக்கம்போலப் பையாக இருக்கும்.

தீபகற்ப மலேசியாவின் சொந்த இனம் பார்பேட்டம். பக்க இதழ்களின் மேல் விளிம்பில் கறுத்த மருக்கள் இருக்கும். ஆனால் கலோசம் இனத்துக்கும் மரு உண்டு. இலையிலும் இரண்டுக்கும் ஒரே புள்ளிக்கோலம். பூக்காத செடிக்குப் பெயர் சொல்லி விற்பவரை எப்படி நம்புவது? பூ விரிந்ததும் நடுவிலுள்ள கேடயம் போன்ற பகுதியைப் பாருங்கள். இனத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். கலோசத்தின் பக்க இதழ்களும் சற்றுக் கூடுதலாகத் தாழ்ந்து வளையும்.

வேர் அறுந்து, இலை கிழிந்து மலிவாக வரும் செடி பெரும்பாலும் காட்டில் பிடுங்கியது. 1990 முதல் பாபியோபெடிலம் இனங்கள் அனைத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளன. காட்டுச் செடிகளை நாடு தாண்டி விற்கத் தடை. அப்படி வந்தவற்றில் பல, தொட்டியில் பிழைப்பதும் இல்லை. ஆய்வுக்கூடக் குப்பியில் விதையிலிருந்து வளர்ந்த நாற்றை வாங்குங்கள். பூக்கச் சில வருடம் ஆகும், ஆகட்டுமே! குருத்தில் மட்டும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், அழுகிவிடும். இன்சிக்னே வேண்டுமென்றால் கேமரன் மலையில் வீடு பாருங்கள். ஈப்போ வெக்கையில் அது பூக்காது.