ஹோம்லி, சின்சியர், சிம்பிள்



மணமகள் விளம்பரத்தில் 'ஹோம்லி' என்று போட்டிருந்தால் நமக்கு உடனே புரிந்துவிடுகிறது: குடும்பப் பாங்கான பெண். அதே சொல்லை ஓர் அமெரிக்கரிடம் சொல்லிப் பாருங்கள். பெண் அவ்வளவு லட்சணமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கிலாந்திலோ அது பெரும்பாலும் வீட்டைப் பற்றிய பேச்சு.

நாம் பேசும் ஆங்கிலமே தப்பு என்று சொல்ல வரவில்லை. 200 ஆண்டுகளுக்கு மேல் இங்கே புழங்கிய மொழி, நம் ஊர்ப் பொருளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நமக்குள் எழுதிக்கொள்ளும்வரை சிக்கலில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் போகும்போதுதான் இடறுகிறது.

'பையன் ரொம்ப சின்சியர்' என்கிறோம். ஒழுங்காக வகுப்புக்கு வருவான், கொடுத்த வேலையை முடிப்பான் என்பது நம் கணக்கு. லண்டனில் அதைப் படிப்பவருக்குப் புரிவது வேறு: பாசாங்கில்லாதவன், மனதில் உள்ளதைச் சொல்பவன். அவன் உழைப்பைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. ஆசிரியர் மனமார எழுதிய பாராட்டு போய்ச் சேராமலே நின்றுவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். 'சிம்பிள்' இன்னும் ஆபத்து. ஆடம்பரம் இல்லாதவர் என்று நினைத்து எழுதுகிறோம்; புத்தி மந்தமானவர் என்றும் படிக்க அதில் இடமுண்டு. அங்கே 'டவுன் டு எர்த்' என்பதுதான் இயல்பு.

இயல்பான தொடருக்கும் இடம், ஆள் உண்டு. 'சால்ட் ஆஃப் தி எர்த்' மத்தேயு நற்செய்தியில் வருவது. வில்லியம் டிண்டேலின் 1526ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. இன்றும் சொல்கிறார்கள், பகட்டில்லாத நேர்மையான எளிய மனிதர்களை. துறைத் தலைவருக்கு அதைச் சூட்டினால் ஒட்டாது. 'ஹார்ட் ஆஃப் கோல்டு' நமக்குப் பழகியதுபோலவே இருக்கும். தங்கமான மனுஷன் என்று நாமும் சொல்கிறோமே. ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் பல நேரம் ஓர் 'ஆனால்' நிற்கும்: பேச்சு முரடு, ஆனால் மனசு தங்கம்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்வதைவிட நல்ல வழி உண்டு. குணத்துக்குப் பெயர் வைக்காமல், அவர் செய்ததை எழுதுவது. ஆய்வகக் கருவி பழுதானபோது இரவெல்லாம் இருந்து சரிசெய்தாள்; சனிக்கிழமைதோறும் ஜூனியர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். எந்த நாட்டுக்காரர் படித்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கல்லூரி ஆசிரியர்களே, அடுத்த கடிதத்தில் 'சின்சியர்' என்று எழுதக் கை போகும்போது, அந்த மாணவர் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள்.