தடுமாறினாலும் பேசுவோம்

(ஆண்டிபட்டியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரை)



இதே ஊரில் தமிழ்வழியில் படித்து, சென்னையில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் சேர்ந்தவன் நான். முதல் ஆண்டு முழுக்க மீட்டிங்கில் வாய் திறக்கவில்லை. நான் எழுதிய புரோகிராமை வேறொருவர் சரளமான ஆங்கிலத்தில் விளக்கினார். பதவி உயர்வு அவருக்கு. எனக்கு, 'கம்யூனிகேஷன் போதாது' என்ற குறிப்பு.

அதே மீட்டிங்கில் ஜப்பானிய அதிகாரியும் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். எல்லோரும் பொறுமையாகக் கேட்பார்கள். அவர் தடுமாறினால் அது வேற்றுமொழி; நான் தடுமாறினால் மட்டும் தகுதிக் குறைவா?

மூன்று தலைமுறையாக ஆங்கிலம் படித்த வீட்டில் அது பரம்பரைச் சொத்து. பூப்பறிக்கக் கூலிக்குப் போன என் அம்மா அதை எப்படித் தந்திருப்பார்? அந்தச் சொத்துக்குத்தான் 'தகுதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. தனியார் துறையில் அதுவும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. இரண்டையும் கேட்போம்.

அதற்காக ஆங்கிலத்தை ஒதுக்காதீர்கள். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அந்த மொழியைக் கற்றுத்தான் நம் உரிமையைக் கேட்டார்கள். தப்பு வந்தாலும் நிறுத்தாதீர்கள். நீங்கள் செய்த வேலையை நீங்களே சொல்லுங்கள்.

ஜெய்பீம்.