மனத்துக்கு உகந்த தொழில் வாய்ப்பது எவ்வாறு?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி, பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியருக்காக நடைபெற்ற கல்வி வழிகாட்டும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்வு முடிவு வெளியாகும் மாதத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு யாவரும் அறிந்ததே. "என்ன படித்தால் உடனே வேலை கிடைக்கும்?", "எந்தப் படிப்புக்கு வெளிநாட்டில் சம்பளம் அதிகம்?" என்ற வினாக்கள் எழுகின்றன. பிள்ளைக்கு எதில் நாட்டம் என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை, எழுந்தாலும், "அதெல்லாம் சோறு போடுமா?" என்ற பதிலோடு அடங்கிவிடுகிறது. கேட்பவர்களையும் குறை சொல்வதற்கில்லை. நகையை அடகு வைத்தோ, இருக்கின்ற ஒன்றிரண்டு மா நிலத்தை விற்றோ கட்டணம் கட்டுகிற பெற்றோருக்கு அந்த அச்சம் இருக்கவே செய்யும். ஆயினும், நாற்பது ஆண்டுகள் ஒருவர் செய்யப்போகும் வேலையை அச்சம் ஒன்றைக்கொண்டே முடிவு செய்வது தகுமா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

விரும்பிய வேலையில் அமர்ந்து மனநிறைவோடு வாழ்ந்தவர்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? இதற்கு விடை தேடி வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. நம் காவிரிப் படுகையிலேயே சான்றுகள் உள்ளன.

தோண்டத் தோண்ட ஊறிய ஈடுபாடு

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855 ஆம் ஆண்டு பிறந்தவர் உ.வே. சாமிநாதையர். ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட காலத்தில், தமிழில் மட்டுமே அவர் மனம் சென்றது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். 1880 ஆம் ஆண்டு, ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். விரும்பிய வேலை கிடைத்துவிட்டது. கதை இத்துடன் முடிந்திருந்தால் அவரை இன்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியாருக்கு அதில் நிறைவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் படித்ததில்லை. முதலியார் அந்நூலின் பிரதி ஒன்றைக் கொடுத்தார். அதைத் திறந்தபோது பல இடங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. அதன் பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று 1942 இல் அவர் மறையும்வரை அப்பணி ஓயவில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தம் வாழ்நாளின் மிகப்பெரிய பணி இன்னதென்று அவருக்கு இருபத்தைந்தாவது வயதுவரை தெரியாது. தமக்குத் தெரியாத ஒன்றை மற்றொருவர் சுட்டிக்காட்டியபோது, அதை அவமதிப்பாகக் கொள்ளாமல் கையில் எடுத்தார். வேலை கடினமாக இருந்தது. அந்தக் கடினத்தின் ஊடேதான் ஈடுபாடு வளர்ந்தது. மாணவர்களே, "எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை" என்று வருந்தவேண்டா. ஆர்வம் முன்னதாகவே வந்து நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆழ்ந்து உழைக்கும்போது அது பின்னால் வந்து சேர்வதும் உண்டு.

ஊரின் தேவையில் கிடைத்த தொழில்

கும்பகோணத்தில் 1925 இல் பிறந்தவர் எம்.எஸ். சுவாமிநாதன். தந்தையார் அறுவை மருத்துவர். மகனும் மருத்துவராகி மருத்துவமனையை நடத்துவார் என்பதே குடும்பத்தின் எதிர்பார்ப்பு. 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்ட செய்தி அந்த இளைஞரின் எண்ணத்தை மாற்றியது. மருத்துவத்தை விடுத்துக் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் இந்தியக் காவல் பணிக்கும் தேர்வானார். அதே வேளையில் நெதர்லாந்தில் ஆய்வு செய்ய யுனெஸ்கோ உதவித்தொகையும் வந்தது. அவர் காவல் பணியை ஏற்காமல் ஆய்வுக்குச் சென்றார். 2023 இல் தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் மறையும்வரை வேளாண்மையே அவர் சிந்தனையாக இருந்தது.

இன்னொருவரையும் நோக்குவோம். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஊர்களில் 'நெல்' ஜெயராமன் என்ற பெயரை அறியாதவர் இல்லை. அவர் வேளாண் பட்டம் பெற்றவர் அல்லர். நுகர்வோர் நலப் பணியில் இருந்தவர். இளங்காட்டில் பிறந்து, அரசு வேளாண் ஆய்வுப் பணியை 1969 இல் துறந்து இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. கிராமங்களில் அவர்கள் செய்த பயணத்தின்போது, காட்டுயானம் போன்ற பழைய நெல் இரகங்கள் சில விவசாயிகளிடம் மட்டும் மிஞ்சியிருப்பது தெரியவந்தது. அவற்றைத் தேடுவதே ஜெயராமனின் தொழிலாயிற்று. 2006 முதல் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 2018 டிசம்பரில், ஐம்பது வயதில், புற்றுநோயால் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 170 பாரம்பரிய இரகங்கள் மீட்கப்பட்டிருந்தன.

இவ்விருவரின் வழிகளும் கருத்துகளும் வேறு வேறு. ஒருவர் உயர் விளைச்சல் இரகங்களின் விஞ்ஞானி, மற்றவர் பழைய விதைகளின் காவலர். ஆயினும் தொழிலைக் கண்டடைந்த முறை ஒன்றே. "எனக்கு எது பிடிக்கும்?" என்பதோடு நிற்காமல், "என்னைச் சுற்றியுள்ளோருக்கு எது தேவை?" என்று இருவரும் பார்த்தார்கள். பிறருக்குப் பயன்படுகிறோம் என்ற உணர்வு வேலையின் சுமையைக் குறைக்கும்.

தாமதமாகத் தெரிந்தால் தவறில்லை

டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954 இல் இயற்பியல் பட்டம் பெற்றார். படித்து முடித்த பிறகுதான் தம் துறை பொறியியல் என்று உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்டப் பணம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். பின்னர் விமானப் படையில் விமானி ஆக விரும்பித் தேர்வுக்குச் சென்றார். எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்தார். அந்தக் கதவு மூடியதால்தான் அவர் ஆய்வுப் பணிக்குச் சென்றார். இந்தியாவின் எஸ்.எல்.வி.3 செயற்கைக்கோள் ஏவூர்தித் திட்டம் 1980 இல் வெற்றி பெற்றபோது அதன் இயக்குநராக இருந்தவர் அவரே.

இதில் பெற்றோருக்கும் பாடம் உண்டு. நகை அடகுக்குப் போனது. ஆனால் படிக்கிறவர் தாமே தேர்ந்த படிப்புக்காகப் போனது. நம் வீடுகளில் அடகுக்குப் போகும் நகைகளும் அவ்வாறுதான் போகின்றனவா? பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்பில் பணத்தைக் கட்டி, அவன் பாதியில் நின்றுவிட்டால், பணமும் போய், பிள்ளையின் தன்னம்பிக்கையும் போய்விடுகிறது.

சபுராளிகளின் உழைப்பு

இவ்வளவும் கேட்டபின், "பிடித்த வேலையைப் பார்க்க எங்களுக்கு ஏது வாய்ப்பு?" என்று கேட்கும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நம் டெல்டாக் கடற்கரை ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சபுர் சென்றவர்கள் அங்கே விருப்பத்தொழிலைத் தேடிச் செல்லவில்லை. கடைகளிலும் கட்டுமானங்களிலும் கிடைத்த வேலையைச் செய்து, தங்கைகளைக் கரையேற்றி, வீடு கட்டி, இந்த ஊரை நிமிர்த்தினார்கள். தம் பிள்ளைகள் பிறந்ததைக்கூடக் கடிதத்தில் படித்து அறிந்தவர்கள் பலர். இன்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறதென்றால், அது அவர்கள் ஈட்டிக் கொடுத்தது. ஹலாலான எந்த உழைப்பும் தாழ்ந்ததன்று. பிடித்த வேலையைத் தேடுகிற உரிமை, குடும்பப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற உரிமை ஆகாது என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ளவேண்டும்.

சில வேண்டுகோள்கள்

மாணவர்களே! நாற்றங்காலில் பசுமையாக நின்ற நாற்றைப் பறித்து நட்டால், முதல் சில நாட்கள் அது வாடி மஞ்சளித்துத்தான் நிற்கும். வேர் பிடித்த பின்னரே பச்சை திரும்பும். புதிய படிப்பும் புதிய வேலையும் அப்படியே. முதல் மாதத்திலேயே "இது எனக்கு ஒத்துவராது" என்று பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அதே வேளையில், வயலுக்கு ஏற்ற இரகம் என்பதும் உண்டு. உரிய காலம் கொடுத்தும் மனம் பொருந்தவில்லையெனில், வீட்டாரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். விடுமுறையில் ஒரு பட்டறையிலோ கடையிலோ ஆய்வகத்திலோ சில வாரங்கள் நின்று பாருங்கள். ஒரு வேலையின் இயல்பு அதன் பெயரிலிருந்து தெரியாது. அதன் அன்றாடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

பெற்றோர்களே! மகனிடம் கேட்கும் அதே வினாவை மகளிடமும் கேளுங்கள். நன்றாகப் படிக்கும் பெண்பிள்ளைகள் நம் மஹல்லாவில் பலர். எதைப் படிக்க விரும்புகிறாய் என்று அவர்களிடம் ஒருமுறையேனும் கேட்டோமா என்பதை ஒவ்வொரு வீடும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

ஜமாஅத்தார்களே! சாமிநாதையருக்கு ஒரு முதலியார் வாய்த்தார். ஜெயராமனுக்கு ஒரு நம்மாழ்வார் வாய்த்தார். சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்க ஒரு பெரியவர் வேண்டும். நம்மிடையே ஆசிரியர்கள், கணக்காளர்கள், செவிலியர்கள், மின்பணியாளர்கள், வணிகர்கள், விவசாயிகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு மாலை, அவர்களுள் ஒருவர் தம் தொழிலைப் பற்றி, அதன் இன்பத்தையும் துன்பத்தையும் மறைக்காமல், நம் பிள்ளைகளிடம் பேச நிர்வாகக் குழு ஏற்பாடு செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு பாயும் ஒரு குவளைத் தேநீரும் போதும். முதல் மாதம் பேச நானே வருகிறேன்.