யாழ்ப்பாண நகரும் ஆண்டின் பருவங்களும்

யாழ்ப்பாணத்தைப் பார்ப்பதற்கு எக்காலம் ஏற்ற காலம் என்று கொழும்பிலோ கண்டியிலோ உள்ள ஒருவரை வினவினால், நல்லூர்த் திருவிழாக் காலம் என்றே பெரும்பாலும் விடை கிடைக்கும். அவ்விடை பிழையன்று. ஆயினும் அது முழு விடையுமன்று. ஒரு நகரத்தை ஆண்டின் ஒரு மாதத்தில் மட்டும் பார்த்துவிட்டு, அதனை அறிந்துகொண்டதாகக் கருதுவது, ஒரு நூலின் நடுப்பக்கம் ஒன்றைப் படித்துவிட்டு நூலை மூடிவைப்பதை ஒக்கும். பன்னிரு மாதமும் அந்நகரிற் காணத்தக்கவை யாவை, ஆண்டு முழுவதும் அவற்றைக் காண மக்கள் வருவதால் விளையும் நன்மை யாது என்பன சிந்திக்கத்தக்கவை.

இலங்கையின் வடகோடியிலுள்ள இந்நகரம் அளவிற் சிறியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாநகர எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறக்குறைய 88,000 பேர். கொழும்பிலிருந்து புகையிரத வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். 1956ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவி, போர் காரணமாக 1990ஆம் ஆண்டு நின்றுபோய், 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் புகையிரதம் காணாத ஓர் ஊர் அது. அதன் பின்னரே தென்னிலங்கையிலிருந்து உல்லாசப் பயணிகள் குடும்பம் குடும்பமாக வருவது பெருகிற்று எனலாம்.

அவ்வாறு வருவோர் முதலிற் கவனிப்பது ஒன்றுண்டு. இங்கே மலையில்லை, அருவியில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. மாரிக் காலத்தில் மட்டும் நீரோடும் வழுக்கியாறு ஒன்றே உளது. நிலத்தின் கீழே பரந்து கிடப்பது சுண்ணக்கல். மாரியிற் பெய்யும் மழை அக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகின்றது. உள்ளே ஊடுருவிய கடல் நீரின்மேல், அதனினும் பாரங்குறைந்த நன்னீர் ஒரு படையாக மிதக்கின்றது. கிணறுகள் யாவும் அம்மிதக்கும் நீரையே தருகின்றன. ஆகவே யாழ்ப்பாணத்தின் வாழ்வு மட்டுமன்றி, அதன் விழாக்களும் விளையாட்டுகளும் மழையையும் காற்றையும் ஒட்டியே அமைந்துள்ளன. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட மக்கள், ஆண்டையும் காற்றைக் கொண்டே அளந்தனர். நகரைக் காண வருபவரும் அவ்வழியே செல்வது நன்று.

மார்கழியும் தையும் வாடைக் காற்றின் மாதங்கள். மழை ஓய்ந்து வயல்கள் பசுமை மாறிப் பொன்னிறங் கொள்ளும் காலம் அது. கிணறுகளில் நீர் மேலெழுந்து நிற்கும். சிறுவரும் பெரியோரும் பட்டம் ஏற்றுவர். கொக்கு, பிராந்து, எட்டுமூலை எனப் பல வடிவங்களில் மூங்கிலும் கடதாசியும் கொண்டு கட்டப்பெறும் அப்பட்டங்களில் விண் பூட்டுவதுண்டு. இரவில் ஊர் உறங்கிய பின்னரும் அவ்விண் வானில் நின்று கூவிக்கொண்டிருக்கும். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியைக் காணப் பல்லாயிரவர் கூடுவர். இதே காலத்திற்றான் வடபுலத்து நீரேரிகளுக்குத் தொலைநாட்டுப் பறவைகள் வந்து சேர்கின்றன. 2015ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம் பூநாரைகளுக்குப் பெயர் பெற்றது. அவற்றைக் காண்பதற்கு வேண்டுவன அதிகாலையில் எழும் வழக்கமும் சிறிது பொறுமையுமே.

மாசி முதற் சித்திரை வரை கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். தீவுகளுக்குச் செல்ல அதுவே தக்க காலம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றின் வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தால், அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்லும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆலயமும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் உள்ளன. தமிழரும் சிங்களவரும் ஒரே படகில் அருகருகே அமர்ந்து செல்வதை அங்கே காணலாம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். முருகைக்கற்களை அடுக்கிய வேலிகளும், ஐரோப்பியர் காலத்திலிருந்து வழிவழியாகப் பெருகித் திரியும் குதிரைகளும், ஆபிரிக்காவுக்குரிய பெருக்க மரமும் அத்தீவின் சிறப்புகள். கடலில் இறங்கி நீராட விரும்புவோர்க்குக் காரைநகரின் கசூரினாக் கடற்கரை உண்டு. அங்கே நீர் ஆழமற்றது. சவுக்கு மரங்களின் நிழலும் அருகே உளது. மார்ச் மாதத்தில் நகரத்தின் உள்ளேயே மற்றொரு விழா நிகழும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடங்கி ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டி அது. வடக்கின் பெரும்போர் என்று மக்கள் அதனை அழைப்பர். உண்மைப் போரைக் கண்ட ஒரு நகரம் விளையாட்டொன்றை அப்பெயரால் அழைத்து மகிழ்வது எண்ணத்தக்கது.

பருவம் பாராது காணத்தக்க இடங்களும் உள்ளன. அவற்றுள் முதலாவது கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டிய அக்கோட்டை, 1795ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமாயிற்று. உள்ளேயிருந்த, 1706ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒல்லாந்தர் தேவாலயம் பிற்காலப் போரில் அழிந்தது. ஒல்லாந்து நாட்டின் உதவியுடன் கோட்டை மதில்கள் பலவிடத்துத் திருத்தப்பட்டுள்ளன. மாலை வேளையில் அம்மதிலின்மேல் நின்றால், நீரேரிக்கு அப்பால் ஞாயிறு மறைவதைக் காணலாம். நகரமக்களும் தம் பிள்ளைகளுடன் அங்கே வந்து காற்று வாங்குவர். ஊரவர்க்கும் விருந்தினர்க்கும் பொழுதுபோக்கிடம் ஒன்றேயாக இருப்பது யாழ்ப்பாணத்தின் நல்வினை எனலாம்.

கோட்டைக்கு அணித்தாய் உள்ளது பொது நூலகம். தனியொருவர் தம் இல்லத்தில் 1933ஆம் ஆண்டு தொடங்கிய சிறு முயற்சியே அதன் வித்து. வெண்ணிறக் கட்டடம் 1959ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு யூன் முதலாம் நாள் விடியுமுன் அது எரிந்து, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் போயின. பின்னர் அதே தோற்றத்தில் அது மீளக் கட்டப்பட்டது. பயணிகள் பலர் அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அது காட்சிச்சாலையன்று; இன்றும் மாணவர் இருந்து படிக்கும் இடம். உள்ளே செல்பவர் குரலைத் தாழ்த்திச் செல்வதே அதற்குச் செய்யும் மரியாதை. அயலில் இந்திய அரசின் நன்கொடையால் எழுந்து 2023ஆம் ஆண்டு மக்களிடம் கையளிக்கப்பட்ட கலாசார மையமும் உளது. 1829ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் அரசாங்க அதிபராயிருந்த டைக் துரை வளர்த்த பழைய பூங்கா, நகரின் மற்றொரு பகுதியில் நிழல் தருகின்றது.

வைகாசி முதற் சோளகம் வீசும். நிலம் காயும், பனை செழிக்கும். நுங்கும், கறுத்தக்கொழும்பான் மாம்பழமும், பின்னர்ப் பனம்பழமும் சந்தைக்கு வரும் காலம் அது. ஆடிப்பிறப்பன்று வீடுதோறும் கூழும் கொழுக்கட்டையும் ஆக்குவர். ஆடி அமாவாசையன்று, நகரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வடக்கேயுள்ள கீரிமலையிற் பல்லாயிரவர் நீராடித் தந்தையர்க்குக் கடன் இறுப்பர். கடலின் விளிம்பிலே, அலையோசை கேட்கும் இடத்திலே, நிலத்தடியிலிருந்து ஊறிவரும் அந்நீர்க் கேணி காண்போர்க்கு வியப்பூட்டும். அந்த அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூரிற் கொடியேறும். 25 நாள் விழா. 1734ஆம் ஆண்டு இன்றைய இடத்திற் சிறிதாக எழுந்த கோயில் அது. குறித்த நேரந் தவறாது பூசை நிகழ்வதற்குப் பெயர் பெற்றது. தேர்த் திருவிழாவன்று வெண்மணல் வீதியெங்கும் மனிதத் தலைகளே தெரியும். புரட்டாதிப் பூரணையை ஒட்டிப் பருத்தித்துறையை அடுத்த வல்லிபுரத்தாழ்வாருக்குக் கடல் தீர்த்தம். அவ்வழியே மணற்காட்டின் மணற்குன்றுகளையும் காணலாம்.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். பயணிகள் மிகுதியாக வருவது ஆடியிலும் ஆவணியிலும். அக்காலமே கிணற்று நீர் மிகவும் தாழ்ந்திருக்கும் காலம். முன்னாளில் துலாவினால் நீர் இறைத்தபொழுது மனிதக் கையின் வலுவே ஓர் எல்லையாயிருந்தது. இன்று இயந்திரம் சில நாழிகையில் இறைப்பதை அன்று நாள் முழுவதும் இறைத்திருத்தல் அரிது. அளவுக்கு மேல் இறைத்தால், நன்னீர்ப் படை மெலிந்து, கீழேயுள்ள உவர்நீர் மேலெழும். இதனைக் கண்ணாற் காண விரும்புவோர் புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கேணிக்குச் செல்லலாம். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்றும், அதில் இட்ட எலுமிச்சங்காய் கீரிமலையில் மிதக்கும் என்றும் ஊரார் கூறுவர். கதை எவ்வாறாயினும், அக்கேணியின் மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர்நீர் என்பது உண்மை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை முழுவதும் அக்கேணியில் அடங்கியுள்ளது.

உவர்ப்பு மட்டுமே இடரன்று. தோட்டங்களில் மிகையாக இடும் உரமும், மலசலக் குழிகளின் கசிவும் அதே சுண்ணக்கல் வெடிப்பின் வழியே இறங்கிக் கிணற்றை அடைகின்றன. நீர்த் தேவையை ஈடுசெய்தற்பொருட்டுத் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று 2024ஆம் ஆண்டு ஓகஸ்டிற் திறக்கப்பட்டது. அது பேருதவியே. எனினும் அது கீரிமலைக்கு ஊற்றாகாது, நிலாவரைக்கு மேல்நீராகாது. அவற்றைக் காப்பது மழையும் மனிதரின் அடக்கமுமே.

இவ்வாறு நோக்கின், பயணிகள் ஒரே திங்களிற் குவியாது ஆண்டு முழுவதும் பரந்து வருதல் எத்துணை நன்மையென்பது புலப்படும். விழா முடிந்ததும் விடுதிக்காரரும், படகோட்டிகளும், முச்சக்கர வண்டியோட்டிகளும், ஓலைப்பெட்டி இழைக்கும் பெண்களும் வருவாயின்றிக் காத்திருத்தல் குறையும். பனங்கட்டியும் ஒடியலும் விற்கும் சிறு கடைகள் எல்லா மாதமும் நடக்கும். வறண்ட காலத்திற் கிணறுகள் தாங்கும் சுமையும் இலேசாகும். விழாவுக்கு வருவோரை எவரும் தடுத்தல் இயலாது, தடுத்தலும் ஆகாது. காட்சிக்காக மட்டும் வருவோர் தையிலும் பங்குனியிலும் வரலாமன்றோ?

எவரும் வர விரும்பாத பருவம் ஐப்பசியும் கார்த்திகையும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்துவிடும். புயல் எச்சரிக்கை உள்ள நாட்களிற் பயணம் தவிர்க்கத்தக்கதே. ஏனைய நாட்களில், குடை பிடித்து நகரைச் சுற்றி வருபவர் வேறெவரும் காணாத ஒரு யாழ்ப்பாணத்தைக் காண்பர். நகர நடுவிலுள்ள ஆரியகுளம் 2021ஆம் ஆண்டு புதுக்கப்பட்டு, சுற்றிலும் நடைபாதையும் இருக்கைகளும் அமைக்கப்பட்டது. மாலையில் மக்கள் உலாவும் இடமாகிய அக்குளம், மழைக்காலத்தில் வெள்ளத்தை ஏந்தி நிலத்துக்கு ஊட்டும் தொழிலையும் செய்கின்றது. நூலகத்துக்கு அண்மையிலுள்ள புல்லுக்குளமும், நல்லூரின் பழைய யமுனா ஏரியும் அவ்வாறே. முன்னோர் வெட்டிய குளம் பொழுதுபோக்கும் ஆகும், நீர்க்காப்பும் ஆகும். அத்தகைய குளங்களைத் தூர்த்துக் கடைகள் கட்டுவதினும், தூர்வாரிக் கரையில் இரண்டு மரம் நடுவது நகரசபைகளுக்கும் ஊராருக்கும் இலாபமான காரியம்.

விருந்தினரிடம் அந்நகரம் எதிர்பார்ப்பதும் மிகையன்று. கோயிலில் ஆடவர் மேலாடை களைந்து செல்லும் முறையைப் போற்றுதல், நெகிழித் தாள்களையும் போத்தல்களையும் கசூரினாவிலோ நெடுந்தீவிலோ விட்டுவராது திருப்பிக் கொண்டுவருதல், தங்கும் இடத்தில் நீர்க்குழாயைத் திறந்தபடி விடாதிருத்தல் ஆகிய இவை போதும். விடுதி நடத்துவோர் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியிற் சேர்த்தோ கிணற்றயலிற் குழியெடுத்து நிலத்தில் இறக்கியோ வைப்பராயின், அடுத்த ஆடியில் வரும் விருந்தினர்க்கு வேண்டிய நீரை இந்தக் கார்த்திகையிலேயே சேமித்தவராவர்.