எழுபது ஆண்டுகளும் ஒரு கிரயப்பத்திரமும்

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் சபையார் கையிலுள்ள வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி இடம்பெறும். நன்மையான முடிவு உண்டு என்னும் அந்த உறுதியைச் சுவரில் மாட்டிவைக்கிறோம். அதற்கு முந்திய வசனம் 70 ஆண்டுகள் ஆகும் என்கிறது. அது அட்டையில் ஏறுவதில்லை. இந்த வசனங்கள் உள்ள கடிதம் போய்ச் சேர்ந்தது, கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் சென்ற மக்களிடம். அவர்களில் பெரியவர்களாக இருந்தவர்கள் எருசலேமை மறுபடி பார்க்க வழியே இல்லை. அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று எரேமியா எழுதினார். முடிவின் நாளைக் கர்த்தரிடம் விட்டுவிட்டு இன்றைய வேலையைக் குறைவில்லாமல் செய்வதே அவருடைய வேளையை நம்புவது என்று இதிலிருந்து நான் வாதிடுகிறேன்.

பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டே ஆண்டில் திரும்பிவிடும் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி தேவாலயத்தில் நின்று அறிவித்தபோது, அப்படியே ஆகட்டும் என்றுதான் எரேமியாவும் முதலில் சொன்னார். விடுதலை சீக்கிரம் வரவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆசையைத் தீர்க்கதரிசனமாக்க மட்டும் அவர் உடன்படவில்லை. அவருடைய நம்பிக்கையின் தரத்தை 32ஆம் அதிகாரத்தில் காணலாம். பாபிலோன் சேனை நகரத்தை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். பத்திரத்தில் கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, சாட்சிகளை நிறுத்தி, நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தரான பாரூக்கிடம் ஒப்படைக்கிறார். அந்த நிலத்தில் தான் ஒருநாளும் உழப்போவதில்லை என்று அறிந்தவர் செய்த கிரயம் இது. விசுவாசம் இத்தனை துல்லியமாக ஆவணத்தில் பதிந்த இடம் வேதத்தில் வேறு எனக்குத் தெரியவில்லை.

ஆனால், காத்திருக்கச் சொல்வது எளியவர்களின் வாயை அடைக்கும் தந்திரம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அப்படி நடந்தும் இருக்கிறது. இதற்கும் எரேமியாவே பதில் தருகிறார். எபிரெய அடிமை ஆறு ஆண்டு உழைத்தால் ஏழாம் ஆண்டில் விடுதலை என்பது நியாயப்பிரமாணம். முற்றுகைக்குப் பயந்து அடிமைகளை விடுவித்த எருசலேமின் எஜமான்கள், முற்றுகை சற்றுத் தளர்ந்ததும் அவர்களை மறுபடி பிடித்துக்கொண்டார்கள். பொறுத்திருங்கள் என்று எரேமியா அந்த அடிமைகளிடம் சொல்லவில்லை, எஜமான்களைத்தான் கண்டித்தார். அடிமைக்குக் கர்த்தர் குறித்த வேளை ஏற்கெனவே வந்துவிட்டது, தடுத்தது மனிதன். ஆகவே நான் சுமக்கிற தாமதத்தை நான் கர்த்தரிடம் ஒப்படைக்கலாம். பிறர்மேல் நான் சுமத்தும் தாமதத்துக்கு அவருடைய பெயரைச் சூட்ட எனக்கு உரிமையில்லை. நம் சபைகளிலும் நிறுவனங்களிலும் சம்பளப் பாக்கிக்காக நிற்கிற ஊழியரிடம் கர்த்தருடைய வேளையைப் பற்றிப் பேசுமுன், அந்தப் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள்.