பொறியாளர் ஊதியம்: சங்கமும் சந்தையும்

ஒத்த கல்வியும் திறனும் உடைய பொறியாளர்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்ட ஊதியம் பெறுகின்றனர். அந்தந்த நாட்டின் செல்வநிலை இதற்கு முதற்காரணம். ஆயினும், சந்தையில் அவர்களுக்குள்ள தேவையும், அவர்கள் சார்பில் பேசும் சங்கத்தின் வலிமையும் ஊதியத்தை வகுப்பதில் பெரும் பங்கு கொள்கின்றன.

அமெரிக்காவில் போயிங் விமான நிறுவனப் பொறியாளர்களுக்கு 1946 முதலே சங்கம் உண்டு. 1971-ல், ஒலியினும் விரைந்து செல்லும் பயணி விமானத் திட்டத்திற்கு அந்நாட்டுக் காங்கிரஸ் நிதியை நிறுத்தியது. விமானங்களுக்கான தேவையும் குன்றியிருந்தது. பொறியாளர் பலர் வேலையிழந்தனர். சங்கத்தால் அதைத் தடுக்க இயலவில்லை. 2000-ஆம் ஆண்டில் கணினித் துறையின் எழுச்சியால் தொழில்நுட்பத் திறனுக்குத் தேவை மிகுந்திருந்தது. அதே சங்கம் அவ்வாண்டு 40 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. விமானம் பறக்கத் தக்கது எனச் சான்றளிப்போர் பலரும் பணியை நிறுத்தியதால், விமானங்களை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பது தடைப்பட்டது. நிறுவனம் ஊதிய உயர்வுக்கு உறுதியளித்தது. சந்தை தந்த வாய்ப்பைச் சங்கம் ஒப்பந்தமாக்கியது.

ஐரோப்பாவில் வழி வேறு. ஜெர்மனியின் உலோக, மின்பொருள் தொழில்களில் தொழிற்சங்கம் செய்துகொள்ளும் வட்டார ஒப்பந்தங்கள் பொறியாளர் பலரையும் உள்ளடக்குகின்றன. மேல்நிலையினர் மட்டும் தனி ஒப்பந்தத்தில் பணிபுரிகின்றனர். சுவீடனில் பொறியாளர் சங்கம் தன் உறுப்பினர்களின் ஊதிய விவரங்களைத் திரட்டி அவர்களுக்கே வழங்குகிறது. தனியாகப் பேசும் பொறியாளரும் தம் உழைப்பின் விலையை அறிந்தே பேசுகிறார்.

இந்தியாவில் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தொழில்நுட்பப் பணி செய்வோரைத் தொழிலாளராக ஏற்றது. ஆனால் நிருவாகப் பணியினரையும், குறித்த வரம்புக்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளரையும் விலக்கியது. அவ்வரம்பு 2010-ன் திருத்தத்தில் மாதம் 10,000 ரூபாயாகவும், 2020-ன் தொழிலுறவுத் தொகுப்பில் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இவ்விலக்குகளால், பதவிப் பெயரன்றிச் செய்யும் பணியின் தன்மையே பொறியாளரின் உரிமையை முடிவு செய்கிறது. இதனைப் பலர் அறிவதில்லை.

பொதுத்துறைப் பொறியாளருக்கு அரசு நியமிக்கும் ஊதியக் குழுக்கள் உண்டு. தனியார் துறையில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்குப் பெரும்பாலும் சந்தையே கதி. அங்கோ வேலை தேடுவோர் கூட்டம் பெரிது. சந்தையின் ஏற்றத்தாழ்வை எந்தச் சங்கமும் ஒழித்துவிட முடியாது. எனினும் ஏற்றத்தின் பயனைப் பகிரவும், வீழ்ச்சியின் சுமையைக் குறைக்கவும் கூட்டாகப் பேசும் குரல் வேண்டும். ஊதிய விவரங்களைத் தம்முள் பகிர்ந்துகொள்வது அதற்கு முதற்படியாகும்.