லொறி விரிப்பும் ஆக்கவுரிமையும்

சிலாபத்திலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றிச் செல்லும் லொறியின் தட்டில் ஐஸ் உருகி உப்புநீர் தேங்கும், தகடு துருப்பிடிக்கும். அதைத் தடுக்க, ஓரங்கள் உயர்ந்த றப்பர் விரிப்பொன்றை ஒருவர் செய்து ஆக்கவுரிமை கோருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புதுமையை மட்டும் கேட்பதன்று. அத்தொழிலில் சாதாரணத் திறமையுள்ள ஒருவனுக்கு அது வெளிப்படையானதா என்றும் கேட்கின்றது.

இக்கேள்வியை இந்திய உச்ச நீதிமன்றம் 1978 இல் ஆராய்ந்தது. மிர்சாப்பூரில் பாத்திரம் கடைவோர், பாத்திரத்தைக் கடைசல் யந்திரத்திற் பசையிட்டு ஒட்டுவர். சில வேளை அது தெறித்து விழும். ஒரு நிறுவனத்தார் எதிர்ப்புறத்திலிருந்து தண்டினால் அழுத்திப் பிடிக்கும் முறைக்கு 1951 இல் விண்ணப்பித்து ஆக்கவுரிமை பெற்றனர். பயனுள்ள முறைதான். ஆயினும் பழைய யந்திரத்திற் செய்த பட்டறைத் திருத்தமே என்று நீதிமன்றம் அவ்வுரிமையைச் செல்லாததாக்கிற்று.

சிலாபத்து விரிப்புக்கும் இதே கதி நேரலாம். தகரமும் தார்ப்பாயும் விரித்துப் பழகிய லொறிக்காரன், ஓரம் உயர்ந்த றப்பரைத் தானே எண்ணியிருப்பான். ஆனால் செய்து காட்டிய பின்னர் எதுவும் எளிதாகவே தோன்றும். நீதிபதி வழுக்கும் இடமும் அதுவே. ஆகையால் விண்ணப்பித்த நாளுக்கு முன்னே சென்று நின்று, அன்று சந்தையிலே இருந்தவை எவை, அவற்றை இணைக்கும்படி தொழிலாளிக்கு எது தூண்டியிருக்கும் என்று பார்த்தல் வேண்டும். விரிப்பின் அடியிலுள்ள வரிகள் நீரை வடித்து, எவரும் எதிர்பாராவண்ணம் ஐஸ் உருகுவதையும் தாமதித்தால், விண்ணப்பகாரர் முதலில் நிறுவ வேண்டியது அதைத்தான்.